ஒரு சாண் தந்தமும் 700 ரூபாய் டாக்ஸியும்

கோவாவில் டாக்ஸி எடுக்காதீர்கள். பழைய கோவாவில் பார்த்த தந்தச் சிற்பத்தைப் பற்றிச் சொல்லும் முன், கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். தலைநகர் பஞ்சிமிலிருந்து பழைய கோவா 10 கிலோமீட்டர்தான். பேருந்து நிலையத்துக்குப் போனால் நடத்துநர்கள் "ஓல்ட் கோவா, ஓல்ட் கோவா" என்று கூவி ஏற்றிக்கொள்கிறார்கள். இது தெரியாமல், மழை வேறு தூற, விடுதி வாசலில் நின்ற வண்டியில் ஏறிவிட்டேன். பேசியது 500. இறங்கும்போது "ரிட்டர்ன் காலியா போகணும் சார்" என்று 700 கறந்துவிட்டார். மதியம் மீன் தாலி சாப்பிட எடுத்து வைத்த காசு அது.

சவேரியார் உடல் இருக்கும் பாம் ஜீஸஸ் பேராலயத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். எட்டிப் பார்த்துவிட்டு மேடேறினேன். இடிந்து நிற்கும் அகஸ்தீனார் கோபுரத்துக்கு எதிரே, 1606இல் கட்டத் தொடங்கிய சாந்தா மோனிக்கா கன்னியர் மடம். அதற்குள்தான் கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம். என்னைத் தவிர நாலு பேர்கூட இல்லை.

வெள்ளிச் சாமான்களையெல்லாம் வேகமாகத் தாண்டிவிட்டேன். காலைக் கட்டிப்போட்டது தந்தத்தில் செய்த 'நல்ல ஆயன்', அதாவது ஆடு மேய்ப்பவராக இயேசு. 17ஆம் நூற்றாண்டில் கோவாவில் இந்த வகைச் சிற்பங்களை நிறையச் செய்திருக்கிறார்கள். லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களிலும் உண்டு. உயரம் ஒரு சாண் இருந்தால் அதிகம். அதற்குள் ஒரு மலையே இருக்கிறது. உச்சியில் குழந்தை இயேசு கால்மேல் கால் போட்டு, வலது கையில் கன்னத்தைச் சாய்த்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஓர் ஆட்டுக்குட்டி, தோளில் ஒன்று. இடுப்பில் தண்ணீர்ச் சுரைக்குடுக்கை. கீழே ஊற்றில் பறவைகள் தண்ணீர் குடிக்கின்றன. அடுத்த தட்டில் ஆடுகள். அடியில் குகைக்குள் இயேசுவின் சீடரான மகதலா மரியா படுத்தபடி புத்தகம் படிக்கிறாள். கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தால், ஆட்டின் ரோமச் சுருளும் குழந்தையின் தோலாடைச் சுருளும் ஒரே உளியின் வேலை என்று தெரிகிறது. ஆளைத் தனியாகவும் மலையைத் தனியாகவும் செதுக்கி முளை வைத்துப் பொருத்துவார்களாம்.

ஊற்றும் மரியாவும் ஐரோப்பியச் சரக்கு, சரி. ஆனால் அந்த மூடிய கண்? அதைத் தூக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உட்கார்ந்த தோரணையில் புத்தரின் சாயல் இருப்பதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மலையை மேருவோடு ஒப்பிடுபவர்களும் உண்டு. எனக்கோ வீட்டுக் கொலுப்படிதான் ஞாபகம் வந்தது. உச்சியில் சாமி, கீழே போகப் போக ஆடு, மாடு, குருவி. அம்மா பார்த்திருந்தால் ஒரு பூ வைத்திருப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிறிஸ்தவரல்லாத கைவினைஞர்களிடம் திருவுருவங்கள் செய்யக் கொடுக்கக் கூடாது என்று 1567இல் கோவாவில் கூடிய திருச்சபை மாமன்றம் தடை போட்டது. யார் கேட்டார்கள்? நல்ல உளி யார் கையில் இருந்ததோ அவரிடம்தான் வேலை போயிருக்கிறது. தந்தம் பெரும்பாலும் மொசாம்பிக் பக்கமிருந்து போர்த்துகீசியக் கப்பலில் வந்தது. செய்து முடித்த உருவங்கள் லிஸ்பனுக்குக் கப்பலேறின. செதுக்கியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அதுதான் எரிச்சல். கப்பல் வைத்திருந்தவன் பெயரெல்லாம் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

ஒரு மணி நேரம் அந்த ஒரே பெட்டி முன்னால் நின்றிருப்பேன். காவலர் மூன்று முறை பக்கத்தில் வந்து போனார். கோவாவுக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

திரும்பும்போது பேருந்து, 20 ரூபாய்கூட ஆகவில்லை. மீன் தாலிக்கு மனசு வரவில்லை. பஞ்சிமில் பாஜி பாவும் ஒரு டம்ளர் சோல் கடியும் (கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த பானம்). பாவ் சூடாக இருந்தது, இன்னொன்று வாங்கிக்கொண்டேன்.