குளிர் விட்ட கடலில் தூண்டில்: விரிகுடாச் சேற்றிலிருந்து திறந்த கரை வரை

வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்ததுமே தூண்டில்காரர்களுக்குக் கை அரிக்கும். ஆனால் கடல் அவ்வளவு சீக்கிரம் சூடேறாது. வட அரைக்கோளத்தின் குளிர்ப் பகுதிகளில் கடல் தண்ணீர் ஆண்டிலேயே அதிகம் குளிர்ந்து கிடப்பது பிப்ரவரி கடைசி, மார்ச் வாக்கில்தான். மரமெல்லாம் துளிர்த்த பிறகும் கரையில் வெறுங்கையோடு நிற்க வேண்டியிருப்பது அதனால்தான். இந்த வசந்தத்தில் காலண்டரை ஓரம்கட்டிவிட்டு, கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டரோடு இறங்கினேன்.

மார்ச் பின்பாதியில் அலையடிக்கும் திறந்த கரையில் 8 டிகிரி செல்சியஸ். அதே பிற்பகலில் விரிகுடாவின் உள்கோடியில், முழங்கால் ஆழச் சேற்றுத் திட்டின்மேல், 12. ஆழமில்லாத தண்ணீர் சட்டென்று சூடேறும், கறுத்த சேறு வெயிலை நன்றாகக் குடிக்கும். வற்றத்தில் வெளியே கிடந்து காய்ந்த சேறு, பிறகு ஏறிவரும் தண்ணீருக்கு அந்தச் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. ஆக, எனக்கு வேண்டியது நடுப்பகல் வற்றமும் பிற்பகல் ஏற்றமும்.

இது எந்த நாளில் அமையும்? ஓதம், அதாவது கடலின் இந்த ஏற்றமும் வற்றமும், தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், ஒரு வாரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம் உள்ள கரைகளில் இதனால் ஒரு வசதி: ஓர் இடத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவற்றம் எப்போதுமே கிட்டத்தட்ட ஒரே மணிக்கு வரும். நான் நிற்கும் இடத்தில் அது நண்பகல். அட்டமி வாக்கில் போனால் நடுப்பகலில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது, சேறு வெயிலையே பார்ப்பதில்லை, நீரோட்டமும் மந்தம். உங்கள் கரையில் இது அப்படியே தலைகீழாக இருக்கலாம். ஓத அட்டவணையை ஒருமுறை புரட்டினால் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இந்தப் பெருக்கு நாட்களில் சேற்றுத் திட்டில் நடந்து போய் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு மணி நேர ஏற்றத்தில் மூன்றாவது, நான்காவது மணியில் மட்டுமே பாதித் தண்ணீர் வந்துவிடும். முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதுகுக்குப் பின்னால் ஓடை நிறைந்திருக்கும்.

தண்ணீர் ஏறும் விளிம்போடு முதலில் வருவது மடவை. கணுக்கால் ஆழத்தில் முதுகுத் துடுப்பு வெளியே தெரிய மேய்கிறது. சேற்றின்மேல் படிந்த பழுப்புப் பாசிப் படலத்தில் அது உதட்டால் சுரண்டிய தடம் வற்றத்தில் பளிச்சென்று தெரியும். தடம் இருக்கும் இடத்தைக் குறித்துவைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். மடவையைத் தூண்டிலுக்கு இணங்க வைப்பது தனிக் கலை, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

என் குறி, பக்கத்து ஓடையின் சரிவில் படுத்திருக்கும் நாக்கு மீன். அதற்கு ஓடு கழற்றப்போகும் நண்டை மிஞ்சிய இரை இல்லை. தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அந்த நண்டுகள் கல்லடியில் கிடைக்கத் தொடங்கின. சோதிப்பது எளிது. ஒரு காலின் கடைசிக் கணுவை முறித்து மெல்ல இழுக்க வேண்டும். பழைய ஓடு உறை மாதிரிக் கழன்று, உள்ளே மெத்தென்ற புதுக்கால் முழுசாக நின்றால் நண்டு தயார். வெறும் வெள்ளைச் சதை நூலாகப் பிய்ந்து வந்தால் இன்னும் நாளாகும், கல்லடியிலேயே விட்டுவிடலாம். புரட்டிய கல்லைப் பழையபடி வைத்துவிடுங்கள், அடியில் வேறு உயிர்களும் இருக்கின்றன. முதலில் கிடைத்த நாக்கு மீன்கள் முட்டையிட்டு மெலிந்து திரும்பியவை, காகிதம்போல் இருந்தன. எல்லாவற்றையும் திருப்பி விட்டேன்.

முகத்துவாரத்தில் மட்டும் தெர்மாமீட்டர் ஆளை ஏமாற்றும். ஆற்றிலிருந்து வரும் குளிர்ந்த நன்னீர் லேசானது என்பதால் மேலே மிதக்கும், கனமான உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மேலே 7 காட்டிய இடத்தில், ஈயம் கட்டித் தரைவரை இறக்கிப் பார்த்தால் 10. காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலிலிருந்து அடிக்கும் காற்று மேல்மட்டத்து வெதுவெதுப்பைக் கரைக்குக் குவிக்கும், நிலத்திலிருந்து அடிப்பது அதை வெளியே தள்ளி அடியிலிருக்கும் குளிரை மேலே கொண்டுவரும். வீசி எறிய வசதி என்று முதுகுக்காற்றை விரும்பும் பழக்கத்தை இந்தப் பருவத்தில் மட்டும் நான் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் திறந்த கரையும் 10ஐத் தொட்டது, ஆனால் கூடவே மிதவை நுண்ணுயிர்ப் பெருக்கமும் வந்தது. குளிர்காலப் புயல்கள் கிளறிவிட்ட சத்தும் நீளும் பகலும் சேர்ந்தால் இப்படித்தான். தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, தூண்டில் நரம்பில் வழவழப்பாக ஏதோ ஒட்டுகிறது, கரையில் நுரை ஒதுங்குகிறது. கண்ணால் இரை தேடும் மீன் எதுவும் கடிக்கவில்லை. அந்த நாட்களில் மோப்பம் பிடிக்கும் மீன்களுக்காக நண்டோடு ஓடைக்கே திரும்பினேன்.

இப்போது தெளிய ஆரம்பித்திருக்கிறது. திறந்த கரையில் 13. உள்கோடிச் சேற்றில் பிற்பகலில் 18 வரை ஏறிவிடுவதால் அங்கே பகலில் மீன் தங்குவதில்லை. பாறை முனைக்கு அப்பால் சிறு மீன் கூட்டம் பொரிபொரியாகத் துள்ளுகிறது, அடியில் கானாங்கெளுத்தி துரத்துகிறது என்று நினைக்கிறேன். அடுத்த ஏற்றத்துக்கு நண்டை விட்டுவிட்டு, மெல்லிய நரம்பில் ஸ்பூன் என்னும் உலோகப் போலி இரையைக் கட்டி அங்கே வீசிப் பார்க்கப் போகிறேன்.