கொடி ஏன் 'வராதே' என்றது?

எங்கள் குமுளியிலிருந்து மலையிறங்கிக் கம்பம், உத்தமபாளையம் பக்கம் தமிழ் இலக்கியம் படிக்கப் போகும் பிள்ளைகள் சாயங்காலம் என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள், பெரும்பாலும் அணிகளில்தான், அதாவது பாட்டுக்கு அழகு சேர்க்கும் உவமை போன்ற உத்திகளில். தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலில், பொருளால் அமையும் அணிகளைச் சொல்லும் பொருளணியியலில் மட்டும் 35 அணிகள். இலக்கணத்தை நெட்டுருப் போட்டுவிடுகிறார்கள், பாட்டைக் கொடுத்தால் திணறுகிறார்கள். கவிஞர் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று முதலில் பாருங்கள், பெயர் அப்புறம் தானாக வரும்.

குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல', இது நேரான உவமை. 'அகர முதல எழுத்தெல்லாம்' குறளில் எழுத்தும் உண்டு, உலகமும் உண்டு, இடையில் 'அதுபோல' மட்டும் இல்லை, அதனால் எடுத்துக்காட்டு உவமை. 'பீலிபெய் சாகாடும்' குறளில் அளவுக்கு மீறி ஏற்றிய மயிலிறகும் அதனால் முறியும் வண்டி அச்சும்தான் இருக்கின்றன. எளிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவன் முறிந்துபோவான் என்பதை நாமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது பிறிதுமொழிதல்.

சரி, எனக்கு மிகப் பிடித்த தற்குறிப்பேற்ற அணிக்கு வருகிறேன். இங்கே மலையாளம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது உத்பிரேட்சை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது வையை, அதாவது வைகை ஆறு, பூக்களைப் போர்த்திக்கொண்டு தன் கண்ணீரை மறைக்கிறாள் (தேக்கடிச் சுரங்கம் வழியாக நம் பெரியாற்றுத் தண்ணீர் இன்று போய்ச் சேர்வது அந்த வையையில்தான்), மதில்மேல் கொடிகள் 'வாரல் என்பன போல் மறித்துக்கை காட்ட', அதாவது 'வராதே' என்று கைகாட்டித் தடுப்பது போல, அசைகின்றன. ஆற்றில் பூ மிதப்பதும் காற்றில் கொடி ஆடுவதும் எப்போதும் நடப்பவை, அவற்றின்மேல் இளங்கோவடிகள் தன் குறிப்பை ஏற்றுகிறார். நடக்கப்போவது படிக்கிற நமக்குத் தெரியும், ஆற்றுக்கும் கொடிக்கும்கூடத் தெரிகிறது, அந்த இருவருக்கு மட்டும் தெரியவில்லை, அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறார்கள். சித்ரா பௌர்ணமியன்று மங்களதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறும் ஊர்க்காரர்கள் நாம், இந்த வரிகளை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மட்டும் படித்துவிட்டுப் போவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிள்ளைகள் தடுமாறுவது அந்தப் 'போல்' வரும் இடத்தில். 'போல்' இருக்கிறதே, உவமைதானே என்கிறார்கள். உவமையென்றால் ஒப்பிட இரண்டு பொருள் வேண்டும், நிலமும் பொறுமையும் மாதிரி. இங்கே கொடியை வேறு எதனோடும் ஒப்பிடவில்லை. காற்றில் ஆடிய கொடிக்கு, ஆடுவதற்கு ஒரு காரணத்தைக் கவிஞர் தன் மனத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.