ஓரங்களில் எழுதியவர்

ஜனவரி 12

எங்கள் எழுத்து வட்டத்தின் சார் மறைந்துவிட்டார். அவரைப் பற்றி ஏதாவது எழுது என்று வட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். இரங்கல் குறிப்பு என்றால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவர் பெயரில் அச்சில் வந்தவை கொஞ்சம்தான், பரிசு எதுவும் இல்லை. ஆனால் எங்களில் யாருடைய கதையை எடுத்தாலும் அதற்குள் அவர் உழைப்பு இருக்கிறது. அதை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. நினைவு வர வர இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 15

முதலில் கூட்டம் நடந்த விதம். எழுதியவர் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த பிறகு அவர் வாய் திறக்கக் கூடாது. "நான் என்ன நினைச்சு எழுதினேன்னா..." என்று யாராவது தொடங்கினால் சார் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "புத்தகம் வாங்கிட்டுப் போறவன் பின்னாடியே போய் விளக்கம் சொல்லப் போறீங்களா?" என்பார்.

அடுத்து கேட்டவர்களின் முறை. நன்றாக இருக்கிறது, இல்லை என்றெல்லாம் முதலில் சொல்லக் கூடாது. என்ன கேட்டோம், என்ன மனதில் நின்றது, எந்த இடத்தில் கவனம் நழுவியது, அதை மட்டும் சொல்ல வேண்டும். யாராவது "ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றால், "தப்பிக்காதீங்க, எந்த வரி?" என்று கேட்பார். வரியைச் சொல்லத் தெரியாமல் விழித்தவர்கள் அடுத்த கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு கேட்டார்கள். எழுதக் கற்றுத்தருவதற்கு முன் எங்களுக்குக் கேட்கக் கற்றுத்தந்தார் என்றுதான் சொல்வேன்.

கடைசியில்தான் அவர் பேசுவார். வாசிக்கும்போது குரல் எங்கே வேகமெடுக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பார். "இந்தப் பத்தியை ஏன் ஓட்டினீங்க? உங்களுக்கே நம்பிக்கை இல்லை, அதான்." பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

ஜனவரி 18

பழைய கோப்பில் என்னுடைய கதை ஒன்றின் கைப்பிரதி கிடைத்தது. ஓரத்தில் பென்சிலில் சின்னச் சின்னப் புள்ளிகள். அவர் மனம் கதையைவிட்டு வெளியே போன இடமெல்லாம் ஒரு புள்ளி. முதல் பக்கத்தில் ஐந்தாறு இருக்கும். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு, பக்கத்தில் "இங்கேதான் ஆரம்பம்" என்று ஒரே ஒரு குறிப்பு. அதற்கு மேலே இருந்தது முழுக்க வானமும் தெருவும் பற்றிய வர்ணனை. கோட்டுக்குக் கீழே முதல் வரியில் ஒரு பெண் கடிதத்தைக் கிழிக்கிறாள்.

எழுதி முடித்த கதையின் தொடக்கத்தையும் முடிவையும் வெட்டிவிட வேண்டும் என்று ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் சொன்னதாக அவர் நண்பர் புனின் எழுதியிருக்கிறார். சார் அதை மேற்கோளாகச் சொன்னதே இல்லை. பென்சிலால் செய்துகாட்டுவார், அவ்வளவுதான்.

ஜனவரி 24

உ.வே.சா.வை நினைத்துக்கொண்டிருந்தேன். 1871இல் பதினாறு வயதில் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் 1876இல் மறைந்தார். ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக அவர் வெளியிட்டது 1933லும் 1934லும். இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. சுவடி தேடலும் பதிப்பு வேலையுமாக இருந்தவர், எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அந்தக் கடனை விடவில்லை. பிள்ளையவர்கள் செய்யுள்களை வாயால் சொல்ல, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்களாம். அதை உடனிருந்து பார்த்தவர் எழுதியதால்தான் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. தான் சேர்வதற்கு முந்தைய காலத்தை மற்றவர்களிடம் விசாரித்துத் திரட்டினார்.

அதைத்தான் நானும் செய்யப்போகிறேன். எனக்கு முன்பே வட்டத்தில் இருந்தவர்களிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 25

அக்காவிடம் பேசினேன். வட்டத்தின் முதல் கூட்டத்துக்கு வந்தது சாரும் அவரும் இன்னொருவரும் மட்டும்தானாம். "மூணு பேர்னா ஒருத்தர் வாசிக்க, ரெண்டு பேர் கேக்க. போதுமே"ன்னு சார் சொன்னாராம்.

பிப்ரவரி 3

அண்ணன் ஒருவர் போனில் கொஞ்சம் கோபமாகவே பேசினார். "நீ அவரைத் தெய்வமாக்கிடாதே. கவிதை எழுதினவங்களை அவர் பாடாய்ப் படுத்தினார். ரெண்டு பேர் வர்றதையே நிறுத்திட்டாங்க." உண்மைதான். கவிதையில் அவருக்குப் பொறுமை குறைவு. உரைநடையில் ஒரு பத்திக்குக் காத்திருப்பவர் கவிதையில் ஒரு வரிக்குள் முடிவுக்கு வந்துவிடுவார். அப்படிப் போனவர்களில் ஒருவரிடம் நல்ல கை இருந்தது. அந்த இழப்பு வட்டத்தின் இழப்பு. அதையும் எழுதிவைக்காவிட்டால் இது சாரைப் பற்றிய குறிப்பாக இருக்காது.

ஆனால் வெட்டுவதே கொடுமை என்று அண்ணன் சொன்னதை ஏற்க மாட்டேன். கவிஞர் எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நீண்ட ஆங்கிலக் கவிதை 1922இல் வருவதற்கு முன் அவர் நண்பரான கவிஞர் எஸ்ரா பவுண்ட் அதில் கைவைத்தார். நான்காம் பகுதியில் இருந்த நீண்ட கடற்பயணம் முழுவதும் போய், கடைசியில் மிஞ்சியது பத்தே வரிகள். அந்தக் கைப்பிரதிகள் 1971இல் நூலாக வந்தபோதுதான் பவுண்ட் செய்த வேலை எல்லோருக்கும் தெரிந்தது. எலியட் அந்தக் கவிதையை அவருக்கே சமர்ப்பித்திருந்தார். தன் பக்கத்தை இன்னொருவர் கையில் கொடுக்க ஒரு தைரியம் வேண்டும். வாங்கியவருக்கு அந்தப் பக்கத்தின் மேல் எழுதியவரைவிடக் கூடுதல் அக்கறை வேண்டும். சாருக்கு அது இருந்தது, கதைகளில் நிச்சயமாக.

பிப்ரவரி 9

இன்று கூடினோம். ஒருவர் வாசித்தார், மற்றவர்கள் சொன்னார்கள். சார் பேச வேண்டிய இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்திவிட்டோம். அப்போது இருப்பவர்களிலேயே இளைய தம்பி கேட்டான்: "அந்த மூணாவது பத்தியை ஏன் வேகமா படிச்சீங்க?" வாசித்தவர் யோசித்துவிட்டு, அந்தப் பத்தியைத் திரும்ப எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம் இரண்டு முடிவுகள். அவரவரிடம் உள்ள, சாரின் கைபட்ட பக்கங்களைப் படமெடுத்து ஒரே இடத்தில் சேர்ப்பது. போனவர்களில் அந்தக் கவிஞரை மறுபடி அழைப்பது. அழைக்கும் பொறுப்பை அண்ணனே ஏற்றுக்கொண்டார்.

பிப்ரவரி 11

அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்போவது அக்கா. குறுநாவலின் முதல் அத்தியாயத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். இரண்டு முறை படித்தேன். அதில் வரும் அம்மா கதவைத் திறக்காததற்குக் காரணம் அக்காவுக்குத் தெரியும், எனக்கு இன்னும் தெரியவில்லை. கூட்டத்தில் அதைத்தான் முதலில் கேட்கப்போகிறேன்.