பொட்டலம் தாங்கும் உணவு, தாங்காத உணவு

அப்பாவுக்கு 78 வயது. முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டதால், மதுரை நரிமேட்டில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாவது மாடியிலிருந்து மருத்துவமனைக்குப் போவதற்கு மட்டுமே அவர் கீழே இறங்குகிறார். அதற்கும் இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். கால்கள் ஓய்ந்தாலும் நாக்கு ஓயவில்லை. நான் எந்த ஊருக்குப் போய்த் திரும்பினாலும், பயணம் எப்படி இருந்தது என்று அவர் கேட்பதில்லை. "என்னத்தா சாப்பிட்ட?" என்பது முதல் கேள்வி, "எனக்கு என்ன கொண்டாந்த?" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்வியால், மார்கழிக் கடைசியிலிருந்து இந்த ஒன்றரை மாதமாக எதை வாயில் வைத்தாலும், இது வீடு போய்ச் சேரும்வரை தாங்குமா என்ற கணக்கு மனத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கில் முழு மதிப்பெண் பெற்றது அழகர்கோவில் தோசை. மதுரையிலிருந்து வடக்கே 21 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரும் நானும் இருசக்கர வாகனத்தில் போனோம். பதினெட்டாம்படிக் கருப்பசாமியின் சந்தனம் பூசிய கதவுகளின் முன் நின்று கும்பிட்டுவிட்டு, பெருமாளையும் சேவித்துவிட்டுப் பிரசாதக் கடைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தோசை என்ற பெயரைக் கேட்டு வீட்டுத் தோசையை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் முதல் வாயிலேயே திகைத்துப்போவார்கள். பச்சரிசியையும் தொலி உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, மிளகைத் தட்டிப்போட்டு, நெய்யில் ஊறவைத்ததுபோல் வேகவைக்கும் கனத்த பண்டம் அது. சூடாகத் தின்றால் ஓரம் முறுக்கைப்போல் நொறுங்கும், நடுப்பகுதியைப் பொறுமையாக மென்றுதான் விழுங்க வேண்டும். எனக்கு அது சூடாக இருக்கும்போதைவிட மறுநாள்தான் பிடிக்கிறது. அதற்குள் மிளகின் காரம் மாவெங்கும் இறங்கிவிடுகிறது. நான்கு தோசைகள் வாங்கி வந்தோம். மூன்றாம் நாள் கணவர் மிச்சமிருந்த ஒன்றைத் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்க முயன்றார். பிரசாதத்தைப் போய் யாராவது இரண்டாம் முறை அடுப்பில் ஏற்றுவார்களா என்று அப்பா கோபித்துக்கொண்டு, எவர்சில்வர் டப்பாவைத் தன் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டார்.

தை பிறந்ததும் சின்ன மாமா மகளின் வளைகாப்புக்கு ராஜபாளையம் போனோம். செங்கோட்டை ரயிலில் போவது என்று முடிவானவுடன், கட்டுச்சோறு கட்டுவது என்பதும் தானாகவே முடிவாகிவிட்டது. முதல்நாள் இரவே புளிக்காய்ச்சலைச் சுண்டவிட்டு, சோற்றை அகலத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவைத்து, நல்லெண்ணெய் விட்டு, உடையாமல் விரலாலேயே கிளறிச் சேர்த்தேன். வாழை இலையை அனலில் வாட்டாமல் மடித்தால் கிழிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாட்டிய இலைதான் சோற்றுக்குத் தன் மணத்தையும் தருகிறது என்பது, திருமங்கலம் தாண்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் நினைவுக்கு வரும். எதிர் இருக்கையில் இருந்த பாட்டி ஒருவர் எங்களுக்குக் கொய்யாப்பழம் கொடுத்தார், நாங்கள் அவருக்குப் புளியோதரை கொடுத்தோம். எண்ணெய் ஒரு கரண்டி குறைவாக இருக்கிறது என்று அவர் தயங்காமல் சொன்னார். அது உண்மைதான். வீட்டிலிருந்து கிளம்பியபோது இருந்ததைவிட ரயிலில் நன்றாக இருக்கும் உணவு புளியோதரையைத் தவிர வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வளைகாப்பு விருந்தில் வழக்கமான கலவைச் சாதங்கள்தாம். அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கிப் பால்கோவா வாங்கினோம். அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்றாலும், அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு வெளியூர்ப் பேருந்து நிலையங்களில் விற்பவை எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு என்று நம்பிவிட முடியாது. பாலும் சர்க்கரையும் தவிர அதில் வேறு எதுவும் சேர வேண்டியதில்லை. விறகு அடுப்பில் கிண்டிக்கொண்டே இருப்பவரின் தோள்வலிதான் மூன்றாவது பொருள். கடையில் இளஞ்சூட்டோடு சுவைத்தபோது மணல்மணலாக நாக்கில் கரைந்தது. வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் இறுகியிருந்தது, ருசி குறையவில்லை. சர்க்கரை நோய் இல்லாத ஒரே காரணத்தால் அப்பா எங்கள் எல்லோரையும் ஏளனமாகப் பார்த்தபடி கால் கிலோவை இரண்டே நாளில் முடித்தார்.

பரோட்டா விஷயத்தில்தான் தோற்றுப்போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குக் கிருஷ்ணன்கோவில், தே. கல்லுப்பட்டி வழியாக நேர்ச்சாலை இருக்கும்போது, எண்ணெய்ப் பரோட்டாவுக்காகவே சிவகாசி, விருதுநகர் என்று சுற்றிக்கொண்டு வந்தோம். மதுரையில் கல்லில் வாட்டித் தட்டிக் கொடுக்கும் பரோட்டாவைத் தின்று வளர்ந்தவர்களுக்கு விருதுநகர்ப் பரோட்டா வேறொரு சாதி. அகலமான சட்டியில் தளும்பும் எண்ணெயில் அதை முறுகப் பொரித்து எடுக்கிறார்கள். இலையில் விழுந்ததும் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி, அது முழுவதும் ஊறுவதற்குள் தின்றுவிட வேண்டும். பாதி நொறுங்கியும் பாதி ஊறியும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குத்தான் அவ்வளவு தூரம் சுற்றி வருகிறோம். இதை நன்கு அறிந்திருந்தும் ஆசை விடாமல் அப்பாவுக்கு நான்கு பரோட்டாக்களைக் கட்டச் சொன்னேன். இரவு வீட்டில் பிரித்தபோது அவை செருப்புத் தோல்போல் கிடந்தன. சால்னாவின் மேல் எண்ணெய் ஆடையாகப் படிந்திருந்தது. அரைப் பரோட்டாவைத் தின்றுவிட்டு, "இத அங்கயே வச்சுட்டு வந்திருக்கலாம்" என்றார் அப்பா. நான் பதில் சொல்லவில்லை.

உணவின் குற்றம் ஒருபுறம் இருக்க, கட்டுகிறவர்களின் குற்றமும் இருக்கிறது. அலுவலக வேலையாகத் திருச்சி சென்று திரும்பிய மாலையில், நான்குவழிச் சாலையோரத்து உணவகம் ஒன்றில் இட்லி வாங்கினேன். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பளபளக்கும் உறையில் ஊற்றி, வாயை முறுக்கி இறுக்கமாக முடிச்சுப் போட்டுக் கொடுத்தார்கள். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருக்கிறது. உறையின் நிறம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை. வீட்டில் முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டியபோது பாதிச் சாம்பார் மேசையில் கொட்டியது, மீதிப் பாதியில் உறையின் வாடை அடித்தது. தேங்காய்ச் சட்னி புளித்தே போயிருந்தது. இதற்குப் பார்சல் கட்டணம் என்று தனியாக வாங்கியிருந்தார்கள். சாம்பார் வாங்கத் தூக்குவாளியோடு கடைக்கு அனுப்பப்பட்ட கடைசித் தலைமுறை எங்களுடையதாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து என் அலுவலகப் பையில் மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கு ஒன்று இருக்கிறது. சக ஊழியர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

கறிதோசையைப் பொட்டலம் கட்ட நான் முயன்றதே இல்லை. சிம்மக்கல் பக்கம் இரவில் போய்த் தின்றுவிட்டு வந்து, அதன் அமைப்பை அப்பாவுக்கு வாயால் விவரிப்பதோடு நிறுத்திக்கொள்வேன்: கனமாக ஊற்றிய தோசை, அது வேகும்போதே மேலே பரப்பிய முட்டை, அதன்மேல் மசாலாவோடு வதக்கிய கொத்துக்கறி, பிறகு மொத்தத்தையும் புரட்டிப்போட்டு அழுத்தி எடுப்பது, ஊற்றிக்கொள்ளக் கறிக்குழம்பு. இம்முறை விவரித்து முடித்ததும், இவ்வளவு தெரிந்தவள் செய்து போட வேண்டியதுதானே என்றார். செய்தோம். முதல் தோசையை மெல்லியதாக ஊற்றிவிட்டதால் புரட்டும்போது கறியெல்லாம் கல்லில் சிதறியது. முட்டை முக்கால் பதத்துக்கு வருவதற்குமுன் கறியைப் போட வேண்டும், போட்டபின் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மூன்றாவது தோசையில்தான் பிடிபட்டது. கடைக்காரரின் கல்லுக்கு இருக்கும் சூடு எங்கள் கேஸ் அடுப்புக்கு இல்லை. ஆனாலும் அப்பா இரண்டு தின்றார்.

முள்முருங்கை வடையும் அதே இனம்தான். பச்சரிசியோடு முள்முருங்கை இலையை அரைத்து, பூரிபோல் தட்டிப் பொரித்து, மேலே காரப்பொடி தூவித் தருவார்கள்; பனிக்காலத்துச் சளிக்கு நல்லது என்பது அதைத் தின்பதற்கான சாக்கு. கீழே கடையிலிருந்து மாடிக்கு ஏறுவதற்குள் உப்பல் அமுங்கிவிடும். அதற்கு நான் கண்ட வழி, கணவரை ஓடச் சொல்வது ஒன்றுதான்.

பருத்திப்பால்தான் இந்த மாதத்தில் எங்களை அதிகம் அலைக்கழித்தது. பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, வடிகட்டி, அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு இறக்கும் அந்தப் பானத்துக்குச் சூடுதான் உயிர். ஆறினால் கஞ்சியாகக் கெட்டியாகிவிடும், சூடாக்கினால் அடிப்பிடிக்கும். இளவயதில் பஞ்சாலையில் இரவு முறை முடித்து வெளியே வரும் விடியலில் தள்ளுவண்டி அருகே நின்று குடித்த பருத்திப்பாலைப் பற்றி அப்பா சொல்லாத குளிர்காலமே கிடையாது. தூக்கில் வாங்கி வந்தேன். பிளாஸ்கில் வாங்கி வந்தேன். பிளாஸ்கில் வந்தது சூடாகவே இருந்தது. ஆனால் இது வேறு ஏதோ என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார்.

கண் பரிசோதனைக்காக அவரைக் கீழே இறக்க வேண்டிய நாள் வந்தது. திரும்பும்போது ஆட்டோ ஓட்டுநரிடம் சொல்லி, தெருமுனைத் தள்ளுவண்டிக்கு அருகில் நிறுத்தச் செய்தோம். வண்டிக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "பெரியவரே, இருங்க, நானே கொண்டாரேன்" என்று டம்ளரை ஆட்டோவுக்குள் நீட்டினார். அப்பா ஊதி ஊதிக் குடித்தார், துருவிப் போட்ட தேங்காயை விரலால் வழித்துத் தின்றார், இன்னொன்று கேட்டார். அதன்பிறகு, கருப்பட்டி கொஞ்சம் குறைவுதான் என்றார். ஓட்டுநருக்கும் ஒரு டம்ளர் வாங்கிக் கொடுத்தோம்.

கடைசியாக, வெளியே எங்கும் போகாமல் வீட்டிலேயே செய்த அயிரைமீன் குழம்பு. மழை பெய்து கண்மாய்கள் நிரம்பிய பிறகு கிடைக்கும் சுண்டுவிரல் நீள மீன் அது. இப்போது அதன் விலை ஆட்டுக்கறியையும் தாண்டிவிட்டது. உயிரோடு வாங்க வேண்டும் என்பதால், நெல்பேட்டைப் பக்கம் கணவர் தண்ணீர் வாளியோடுதான் போனார். அரைக் கிலோதான் வாங்க முடிந்தது. இதற்கு வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்யும் வேலை கிடையாது. தேங்காய்ப்பாலில் நீந்தவிட்டால், சேற்றைக் கக்கிவிட்டுப் பாலைக் குடித்துக்கொள்ளும். பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, வழுவழுப்புப் போகும்வரை நான்கைந்து தண்ணீரில் அலச வேண்டும். உயிருள்ளதை அப்படி உரசுவதற்கு எனக்கு இன்றுவரை கை வருவதில்லை. அம்மா இருந்தவரை அவர் செய்தார், இப்போது கணவர் செய்கிறார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறேன். தின்பதற்கு மட்டும் முகம் திரும்புவதில்லை என்று அவர் சொல்லிக் காட்டுவதும் நியாயம்தான்.

குழம்பைப் பொறுத்தவரை அம்மாவின் முறையை நான் மாற்றவில்லை. நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, வெங்காயத்தை முழுதாக வதக்கி, தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு, புளிக்கரைசலில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பச்சை வாடை போகக் கொதித்த பிறகு அரைத்த தேங்காய் சேர்ப்பது. மாங்காய்க் காலமாக இருந்தால் இரண்டு கீற்று விழுந்திருக்கும். மீனைக் கடைசியில்தான் போட வேண்டும். போட்டபின் கரண்டி உள்ளே போகக்கூடாது, சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்துச் சுழற்றிவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்குமேல் அடுப்பில் இருந்தால் மீன் கரைந்து குழம்பாகிவிடும். தலையோடும் முள்ளோடும் அப்படியே தின்னும் மீன் என்பதால், பல் குறைந்த அப்பாவுக்கும் சிரமம் இல்லை.

அன்று மதியம் எல்லோரும் கொஞ்சமாகவே போட்டுக்கொண்டோம். இந்தக் குழம்பு மறுநாள்தான் கூடிவரும் என்பதைக் குடும்பத்தில் ஒருவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மறுநாள் காலை இட்லிக்குப் பாதி போயிற்று. மதியம் சட்டியின் அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்ததில் சூடான சோற்றைக் கொட்டி, உப்பு ஒரு சிட்டிகை போட்டு, மரக்கரண்டியால் சுரண்டிப் பிசைந்தேன். அம்மா அதை உருண்டை பிடித்துக் கையில் வைப்பார். நான் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா தட்டை ஒதுக்கிவிட்டு உள்ளங்கையை நீட்டினார்.