கலங்கலாக வரும் ஊற்று

ஏரி, அணை, வெள்ளம் என்று மழைக்காலம் முழுக்க அலைகிறவர்களும் பேரழிவுப் படங்களை ரசித்துத்தான் பார்க்கிறோம். பத்து மாடி உயர அலை எழும்பும்போது கையில் முறுக்கோடு உட்கார்ந்திருப்பது ஒரு சுகம். அதில் தப்பே இல்லை. ஆனால் ஆபத்து என்றால் சத்தம் போட்டுக்கொண்டுதான் வரும் என்று அந்தப் படங்கள் கண்ணைப் பழக்கிவிடுகின்றன. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அது அப்படி வருவதில்லை.

2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, காற்றும் ஓய்ந்த பிறகுதான் இங்கே மழை பிடித்தது. டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் கொட்டிவிட்டது. ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை என்றால் 1 லட்சம் லிட்டர். 50 செ.மீ.க்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்ட வீடியோவை எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு ராட்சத அலை எதுவும் தேவைப்படவில்லை. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்னக் காரை நகர்த்தும், இரண்டடியில் பெரும்பாலான கார்கள் மிதக்கும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

சினிமாவில் அணை ஒரே அடியில் பிளக்கும். 2017 நவம்பர் கடைசியில் கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணையில் ஒரு மதகு உடைந்தது, அணை அப்படியே நின்றது.

ஏரிக்கரைதான் எங்களுக்குப் பெரிய கவலை. ஏரி கோடி போகிறது, அதாவது நிரம்பி உபரி நீர் வழிகிறது என்றால் ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். கோடி போவது ஏரிக்கு நல்லதுதான். பார்க்க வேண்டிய இடம் கரையின் வெளிப்பக்கத்து அடிவாரம். இருட்டில் இரண்டு பேர் டார்ச்சோடு நடக்க வேண்டும், ஒருவர் கரை மேல், ஒருவர் கீழே. கீழே கசியும் ஊற்று தெளிவாக வந்தால் அடையாளம் நட்டுவிட்டு, மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தால் போதும். கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளிருந்து கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். எலி வளை, நண்டு வளை, மக்கிப்போன வேர், மதகுக் கட்டடமும் மண்ணும் சேரும் இடம், இவைதான் அதற்கு வழி.

சினிமா நாயகன் அந்த ஓட்டையைத் தன் உடம்பாலேயே அடைப்பான். நிஜத்தில் மூட்டையைத் திணித்து அடைத்தாலும் பக்கத்தில் இன்னொரு ஓட்டை திறந்துகொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளால் வட்டம் கட்ட வேண்டும். உள்ளே தண்ணீர் ஏற ஏற எதிர் அழுத்தம் கூடி, ஊற்று தணிந்து தெளியும். தெளிந்த தண்ணீர் வழிய மேலே ஒரு வாய் விட வேண்டும். வட்டத்துக்குள் முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. வரிசை மாறினால் மண் தடையில்லாமல் வெளியே போகும். ஏரிப் பக்கம் சுழி தெரிந்தால் ஓட்டையின் வாய் அதுதான். தார்ப்பாயும் மூட்டையும் போட்டு அடைக்க வேண்டிய இடம் அது.

மூட்டையைக் கழுத்து வரை ரொப்பக் கூடாது, பாதிக்குச் சற்று மேல் போதும். ரொம்பிய மூட்டை கல் மாதிரி விறைத்து நிற்கும், இடுக்கு வழியாகத் தண்ணீர் பாயும். வாயை மடித்து அடியில் விட்டு, செங்கல் கட்டுவது போல இணைப்பு மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துவிட வேண்டும்.

வெள்ளம் வடிந்த மறுநாள் வேலையைப் படமெடுக்க யாரும் வரமாட்டார்கள். மூழ்கிய கிணற்றில் பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டுவது வழக்கமான தவறு. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும், அளவு சரியாகப் போட்டும் பலன் இருக்காது. அரை மணி நேரம் விட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீர் வரும் தெருக்கோடிக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தை விட்டால் மஞ்சள் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அடுத்த வாளி.