மறுநாள் இடையன்குடி

கிறிஸ்மஸுக்கு மறுநாள் இடையன்குடிக்குப் போவது எங்கள் ஆச்சி ஏற்படுத்திய வழக்கம். "பண்டிகையன்னைக்கு ஊரே ஆண்டவரப் பாக்க நிக்கும். மறுநாளு போனா நம்மகூட உக்காந்து பேசுவாரு" என்பாள். ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஆறு வருஷமாகிறது. இந்த வருஷமும் அம்மாவும் நானும் என் மகளும் முந்திரிக்கொத்துச் சம்படத்தோடு பஸ் ஏறிவிட்டோம்.

முந்தின நாள் விடியக்கால ஆராதனை பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தில். 1826-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டிய கோயில். உள்ளே இடமில்லாமல் வெளியே நின்று பாடினோம். பிறகு விருந்து, சொந்தபந்தம், பாத்திரம். அம்மா நிமிர்ந்தபோது ராத்திரி பதினொரு மணி. ஜெபிக்க உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி வழியாகத் திசையன்விளை. அங்கிருந்து ஆட்டோ. வழியெல்லாம் பனை. தூரத்திலேயே ஆலயம் தெரிந்துவிடும்.

மிஷனரி கால்டுவெல் ஐயர் இந்த ஊருக்கு வந்தது 1841-ல். ஆலய வேலையை 1847-ல் தொடங்கினார். பிரதிஷ்டை ஆனது 1880-ல். நடுவே 33 வருஷம். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856-லும் இந்தச் சுவர்கள் எழும்பிக்கொண்டுதான் இருந்தன. கூர்வளைவு ஜன்னல் எப்படி இருக்க வேண்டுமென்று களிமண்ணில் மாதிரி செய்து கொத்தனாருக்குக் காட்டினாராம். ஆச்சி இதைச் சொல்லும்போது தன் கையையே அப்படி வளைத்துக் காட்டுவாள். அத்தனை வருஷமும் கட்டி முடியாத கோயிலைப் பார்த்துக்கொண்டே எத்தனை கிறிஸ்மஸ் கொண்டாடியிருப்பார்கள்! அதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டி அண்ணாச்சி வாசலில் ஜிகினாக் காகிதத்தைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஆராதனை இல்லையேம்மா."

"தெரியும் அண்ணாச்சி. சும்மா உக்காந்துட்டுப் போறோம்."

உள்ளே மெழுகுவர்த்தி வாசனை இன்னும் போகவில்லை. பெஞ்சுக்கடியில் மல்லிகைச் சரம் ஒன்று வாடிக் கிடந்தது. பீடத்துக்கு அடியில்தான் கால்டுவெல் ஐயரின் கல்லறை. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அம்மா அங்கே நின்று கண்ணை மூடினாள். நேற்று அசதியில் விட்ட ஜெபத்தையெல்லாம் சேர்த்துச் செய்தாள் போலிருக்கிறது, வெகுநேரம் திறக்கவில்லை.

ஓரத்தில் பனையோலைக் குடில். கூட்டத்தில் யார் கை பட்டதோ, ஒரு மண் மேய்ப்பன் வைக்கோலில் குப்புறக் கிடந்தான். மகள் எடுத்துத் துடைத்தாள். தோளில் ஆட்டுக்குட்டி, காலில் ஒரு விரல் அளவுக்குச் சாயம் உதிர்ந்திருந்தது. பாலன் இயேசு கிடந்த முன்னணையைப் பார்த்து வைக்கப்போனவளை அம்மா தடுத்தாள்.

"வாசலப் பாத்து வைய்யி மக்கா. அவங்க நேத்தே பாத்துட்டாங்கல்லா. இன்னைக்கு ஆட்டப் பாக்கத் திரும்பிப் போற நாளு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. மேய்ப்பர் வந்ததைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். தேவனைத் துதித்துக்கொண்டே அவர்கள் திரும்பிப் போனதும் லூக்கா சுவிசேஷத்தில் இருக்கிறது. ராத்திரி விட்டுவந்த அதே ஆடு, அதே பனி. ஆனால் வாயில் ஸ்தோத்திரம். மரியாளோ எல்லாவற்றையும் மனசில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்தாள். இடையர்களின் குடியிருப்பு என்று பேர் வைத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருஷம் இது எனக்குத் தோன்றவில்லை. ஆச்சிக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் மூவரும் ஒரு கீர்த்தனை பாடினோம். ஆர்மோனியம் இல்லை, மைக் இல்லை. உயரமான அந்தக் கூரை எங்கள் குரலை வாங்கி மெல்லத் திருப்பிக் கொடுத்தது. துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு வந்த அண்ணாச்சி, மூன்றாம் சரணத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டார்.

வெளியே படியில் உட்கார்ந்து சம்படத்தைத் திறந்தோம். முந்திரிக்கொத்து மறுநாள்தான் ருசி. பயற்றம்மாவில் கருப்பட்டிப் பாகு நன்றாக ஊறியிருக்கும். அண்ணாச்சி ஒன்றைத் தின்றுவிட்டு, வீட்டுக்கு நாலு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. பஸ் ஜன்னலோரத்தில் அம்மா. ஒவ்வொரு ஊரிலும் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் எரிந்தது.

"ஒருத்தருமே இன்னும் எறக்கல பாத்தியா" என்றாள் மகளிடம்.