ரஷ்யன் மட்டும் படித்தால் பாதிதான்

ரஷ்யன் படிக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சுற்றி இருப்பவர்கள் முதலில் மிரள்வது எழுத்தைப் பார்த்துத்தான். அதற்கு மிரளவே வேண்டாம். மொத்தம் 33 எழுத்து, அவ்வளவுதான். 247-ஐக் கரைத்துக் குடித்த நமக்கு அது ஒரு வாரத்து வேலை. கையெழுத்து மட்டும் கொஞ்சம் படுத்தும். அச்சில் தெளிவாக இருக்கும் 'த', கையால் எழுதும்போது ஆங்கில 'எம்' போல ஆகிவிடும், 'இ', 'ஷ', 'ல' எல்லாம் கோடு கோடாக மேலும் கீழும் ஓடும், ஆசிரியர் வேகமாக எழுதினால் எந்தக் கோடு எந்த எழுத்தைச் சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

அடுத்து வேற்றுமை. ஆங்கிலம் வழியாக வருபவர்களுக்கு ஆறு வேற்றுமை என்றாலே வயிற்றைக் கலக்கும், பாடப்புத்தகங்களும் அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன. எட்டு வேற்றுமை படித்தவர்கள் அந்த ஆறுதல் பக்கங்களைத் தாண்டிப் போகலாம். "எனக்குக் குளிருகிறது", "எனக்குப் பிடிக்கும்", "எனக்கு இருபது வயது" மூன்றையும் ரஷ்யனிலும் நம் நான்காம் வேற்றுமைக்கு ('கு') ஈடான வேற்றுமையில்தான் சொல்வார்கள். "நான் மாணவன்" என்பதற்கு அங்கேயும் நடுவில் வினைச்சொல் வேண்டாம். நாம் 'புத்தகம் வாங்கினேன்' என்று 'ஐ' இல்லாமல் சொல்லலாம், 'தம்பி பார்த்தேன்' என்று சொல்ல முடியாது இல்லையா? ரஷ்யனில் ஆண்பால் சொற்களுக்கு ஏறக்குறைய இதே கணக்கு: செயப்படுபொருளாக வரும்போது உயிருள்ளது வடிவம் மாறும், உயிரற்றது எழுவாய் போலவே நிற்கும். தொல்லை வேறு இடத்தில். நம் உருபு எந்தச் சொல்லோடும் அப்படியே ஒட்டிக்கொள்ளும்; அங்கே பாலுக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று, முன்னால் நிற்கும் பெயரடையும் கூடவே மாறும். மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்காமல் சொல்லின் கடைசி எழுத்தைப் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது வினைச்சொல். ஏறக்குறைய ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வடிவம், ஒன்று செயலைச் செயலாக மட்டும் பார்க்கிறது, இன்னொன்று அது முடிந்து விளைவு நிற்பதைப் பார்க்கிறது. 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' மாதிரிதானே என்று முதல் மாதம் தெம்பாக இருக்கும். அப்புறம் இப்படி ஒரு வாக்கியம் வரும்: அறை குளிர்கிறது, ஜன்னல் திறந்து கிடக்கிறது, "யார் திறந்தது?" என்று கேட்க வேண்டும். அதற்கு 'அத்கிரில்'. ஜன்னல் இப்போது மூடித்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள், அறை இன்னும் குளிர்கிறது என்றால் 'அத்கிரிவால்'. கேள்வி ஒன்றுதான், ஜன்னல் இருக்கும் நிலையைப் பார்த்து வினை மாறுகிறது. இதை விதியாக மனப்பாடம் செய்தவர்களைவிட, பக்கம் பக்கமாகப் படித்துக் காதில் ஏற்றிக்கொண்டவர்கள்தான் தேறுகிறார்கள் என்பது என் கருத்து.

போவதும் வருவதும் இன்னொரு காடு. நமக்கு 'போ' ஒன்றே போதும், நடந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும். அங்கே நடந்து போவது வேறு, வண்டியில் போவது வேறு, ஒரே திசையில் போய்க்கொண்டிருப்பது வேறு, போய்த் திரும்புவது வேறு. கையில் கொண்டுபோவதற்கும் வண்டியில் கொண்டுபோவதற்கும்கூடத் தனித்தனி வினை. இத்தனை கறாராக இருந்துவிட்டு மழையையும் கடிகாரத்தையும் மட்டும் 'நடக்க' விடுவார்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுபவர்களுக்கு ரஷ்யன் கற்பிக்கப் போடும் கணக்கு சுமார் 1,100 வகுப்பு மணி. பல்கலைக்கழகத்தில் வாரம் ஐந்து மணி, வருடத்துக்கு 30 வாரம் என்று வைத்தால் 150 மணிதான் ஆகிறது. மிச்சத்தை எங்கே தேடுவது? அந்த மொழி பேசும் ஊரில் ஒரு பருவமாவது போய் இருக்கச் சொல்வது அதனால்தான்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ், செக், பல்கேரியன் எல்லாம் ஸ்லாவியம் என்ற ஒரே மொழிக் குடும்பம். பல பல்கலைக்கழகத் துறைகளின் பெயர் 'ஸ்லாவியம்', உள்ளே போனால் முக்கால்வாசி ரஷ்யன். பழைய ஸ்லாவிய மொழி என்று ஒரு பாடம் இருக்கும், எல்லோரும் தப்பிக்கப் பார்ப்பார்கள். தப்பிக்காதீர்கள். 863-இல் மொராவியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பக்கம்) மதம் பரப்பப் போன சிரில், மெத்தோடியஸ் சகோதரர்களிடமிருந்து தொடங்கும் மொழி அது (சிரில் உருவாக்கியது கிளகோலிதிக் என்ற எழுத்து, அவர் பெயரைத் தாங்கும் சிரிலிக், அதாவது இன்று ரஷ்யன் எழுதப்படும் எழுத்து, பிறகு பல்கேரியாவில் வந்தது). அதைப் படித்தால்தான் ரஷ்ய ஊர்ப் பெயர்களில், நோவ்கொரொட்டில் 'கொரொட்' என்றும் வோல்கோகிராட்டில் 'கிராட்' என்றும் ஏன் வருகிறது என்பது விளங்கும். இரண்டும் 'நகரம்'தான். முதலாவது கிழக்கு ஸ்லாவியர் வாயில் வளர்ந்த வடிவம், இரண்டாவது, தேவாலயத்தில் புழங்கிய அந்தப் பழைய மொழி வழியாக வந்த தெற்கத்தி வடிவம். பால் ரஷ்யனில் மொலொகோ, பல்கேரியனில் ம்லியாகோ. தலை ஒன்றில் கொலொவா, மற்றதில் கிலவா. அங்கே 'ஒரொ', 'ஒலொ' என்றால் இங்கே 'ரா', 'லா' மாதிரி என்ற இந்தச் சூத்திரம் கைக்கு வந்துவிட்டால் இரண்டாவது மொழியின் சொற்கள் பாதி இலவசம்.

நோவ்கொரொட் என்றதும் ஞாபகம் வருகிறது. 1951 முதல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து பூர்ச்ச மரப்பட்டைக் கடிதங்கள் கிடைத்து வருகின்றன, ஆயிரத்துக்கும் மேல். கடன் பாக்கி, வீட்டுச் சண்டை, எல்லாம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டுப் பையன் ஒன்ஃபிம் எழுதிப் பழகிய பட்டைகளும் அதில் இருக்கின்றன: பாதியில் அலுத்துப்போய்க் குதிரைமேல் ஏறி எதிரியைக் குத்தும் வீரனை வரைந்திருக்கிறான், இன்னொன்றில் ஒரு மிருகத்தை வரைந்து "நான் காட்டு விலங்கு" என்ற பொருளில் எழுதியிருக்கிறான். இலக்கண அட்டவணை தராத தைரியத்தை இந்தப் பையன் தருவான்.

ரஷ்யனோடு இரண்டாவது ஸ்லாவிய மொழியாக எது? போலிஷும் செக்கும் ஏழு வேற்றுமை, லத்தீன் எழுத்து. போலிஷில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில், செக்கில் முதல் அசையில், ஆக ரஷ்யனில் எங்கே விழும் என்று தெரியாமல் தவித்தவர்களுக்கு நிம்மதி. உக்ரைனியன் ரஷ்யனுக்கு நெருக்கம் என்று அலட்சியமாகத் தொடுபவர்கள் சொற்களில் தடுக்கி விழுவார்கள், சொல்வளத்தில் பல இடங்களில் அது போலிஷுக்குத்தான் பக்கம். அதோடு 2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த பிறகு ரஷ்யன் வழியாக மட்டுமே அந்தப் பகுதியைப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்லோவேனியனில் ஒருமை, பன்மை போக, சரியாக இரண்டைக் குறிக்கும் இருமையும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

என்னைக் கேட்டால் பல்கேரியன். பெயர்ச்சொல் வேற்றுமைகளை ஏறக்குறைய உதறிவிட்ட மொழி, அந்தக் கணக்கை வினைச்சொல்லில் தீர்த்துக்கொள்ளும். கண்ணால் பார்க்காமல் கேள்விப்பட்டதைச் சொல்லத் தனி வினை வடிவமே உண்டு. மற்றவர்கள் இதற்குப் பல வகுப்புகள் உட்கார வேண்டியிருக்கும், 'வந்தானாம்' என்று பேசி வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். எதை எடுத்தாலும் இரண்டாம் வருடமே எடுங்கள், கடைசி வருடம் ஆய்வுக் கட்டுரையே நேரத்தைத் தின்றுவிடும்.